நாலு போகத்துச் சல்லி

கந்தப்பளைப் பக்கம் மரக்கறி போடுகிறவர்களிடம் "இந்தத் தடவை எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டால் பேர்ச் கணக்கில் பதில் வரும். இருபது பேர்ச், நாற்பது பேர்ச், அரை ஏக்கர். கையில் எவ்வளவு மிச்சம் வைத்துக்கொண்டு போட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கோ இந்தச் செய்கையில் மிகவும் பிடித்த கேள்வியே அதுதான். விதை, உரம், மருந்து பற்றிப் பேச விவசாயத் திணைக்களத்து ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வராவிட்டால் உரக்கடைக்காரர் இருக்கிறார். முதலை எப்படிப் பிரித்து வைப்பது, எப்போது இன்னும் கொஞ்சம் நிலம் எடுப்பது, எடுத்த நிலத்தை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று சொல்லித்தர ஒருத்தரும் இல்லை. மண் பார்த்துப் பழகுவது போலவே இதையும் கை பழகித்தான் கற்க வேண்டும்.

இந்தக் கணக்கை உலகத்தில் அதிகம் யோசித்தவர்கள் விவசாயிகள் இல்லை, சீட்டாடுகிறவர்கள். அதிலும் போக்கர் ஆடுகிறவர்கள். இதை எனக்குச் சொன்னது என் தங்கச்சி மகன். கொழும்பில் ஒரு கசினோவில் வேலை. தீபாவளிக்கு வந்தால் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து 304 என்ற சீட்டாட்டம் ஆடுவோம். சல்லி வைத்து ஆடுவதில்லை. வைத்தால் என் தங்கச்சி இருவரையும் எழுப்பிவிடுவாள். ஒருமுறை கெரட் விலை பற்றிய பேச்சு எழுந்தபோது அவன் சொன்னான்: "மாமா, எங்க மேசைக்கு வர்ற ஆளுங்கள்ல ரெண்டு சாதி. ஒருத்தன் கையில இருக்கிறதெல்லாம் கொண்டாந்து வைப்பான். இன்னொருத்தன் இருக்கிறதுல இருபதுல ஒரு பங்குதான் கொண்டாருவான். முதல் ஆள் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் ஒரு நாளைக்கு பஸ்ஸுக்குச் சல்லி கேட்டுத்தான் நிப்பான்."

அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்தேன். ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய மொத்தப் பணத்தைப் போக்கர் ஆட்டக்காரர்கள் பேங்க்ரோல் என்கிறார்கள். அது வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியவற்றோடு கலக்காத பணம். ஒரு மேசையில் உட்காரத் தேவையான தொகையைப்போல இருபது, முப்பது மடங்கு கையில் இல்லாமல் அந்த மேசையில் உட்காராதே என்பது அவர்களுடைய பொதுவான வழக்கம். 2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் போட்டியின் பிரதான பட்டத்தை வென்ற கிறிஸ் ஃபெர்குசன் 2006இல் ஒரு சோதனை செய்தார். கையில் ஒரு சதமும் இல்லாமல், கட்டணமில்லாத இணையப் போட்டிகளில் தொடங்கி, ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் பத்தாயிரம் டொலர் சேர்த்தார். அவருடைய சட்டங்கள் எளிமையானவை. எந்த மேசையிலும் மொத்தத்தில் நூற்றுக்கு 5க்கு மேல் வைப்பதில்லை. பெரிய போட்டிக்கு நூற்றுக்கு 2. மேசையில் முன்னால் இருக்கும் பணம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழும்பிப் போய்விட வேண்டும்.

இதே ஃபெர்குசன் இயக்குநராக இருந்த ஃபுல் டில்ட் போக்கர் என்ற நிறுவனம் 2011இல், ஆட்டக்காரர்கள் வைத்திருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சரிந்தது. பிறர் பணத்தைத் தனியாக வைக்காததுதான் அங்கே வினையானது. சொந்தச் சல்லியில் அவ்வளவு கட்டுப்பாடாக இருந்த மனிதர் உட்கார்ந்திருந்த சபையில் இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

இன்னொருவர் ஸ்டூ அங்கர். 1980, 1981, 1997 என்று மூன்று முறை அந்தப் பிரதான பட்டத்தை வென்றவர். அவரைவிட நன்றாகச் சீட்டாடியவர் இல்லை என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. மூன்றாவது முறை வென்றபோது பரிசு பத்து லட்சம் டொலர். போட்டிக்குக் கட்டணம் கட்டியவருக்குப் பாதி போனது. அடுத்த வருடம், 1998 நவம்பரில், லாஸ் வேகாசில் ஒரு சாதாரண விடுதி அறையில் இறந்து கிடந்தார். கையில் சில நூறு டொலர்தான் மிச்சம். போதைப் பழக்கமும் குதிரைப் பந்தயமும் ஒரு பக்கம். அதற்கப்பால், வந்ததெல்லாம் அடுத்த பந்தயத்துக்குப் போய்விடும் என்ற ஒரே கணக்குத்தான் அவரிடம் இருந்தது. திறமை வேறு, கையிருப்பைக் காக்கும் வேலை வேறு.

கசினோவுக்குப் போங்கள் என்று இதைச் சொல்லவில்லை. நகரத்துப் புக்கிகளில் சாயங்காலம் வெள்ளைக்கார நாட்டுக் குதிரைகளுக்குச் சீட்டு எழுதுகிறவர்களையும், ஏப்ரல் சீசனில் நுவரெலியா ரேஸ் திடலில் கவர்னர் கப்புக்குக் கூடும் கூட்டத்தையும் பார்த்து வளர்ந்தவன் நான். புக்கியில் எத்தனை ஒழுங்காகச் சல்லியைப் பிரித்து வைத்தாலும் தோல்வியைத் தள்ளிப்போடத்தான் முடியும். கடைக்காரரின் பங்கு முதலிலேயே கழிந்துவிடுகிறது. கையிருப்பை நிருவகிப்பது லாபத்தை உண்டாக்காது. லாபம் இருக்கிற இடத்தில், அது வந்து சேரும்வரை ஆளை உயிரோடு வைத்திருக்கும். அவ்வளவுதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நமக்கு லாபம் இருக்கிறதா என்பதை. இங்கேதான் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். வீட்டுக்காரி புல் பிடுங்குகிறார், மூத்தவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து மருந்து அடிக்கிறான், அப்பா காவல் இருக்கிறார். இதெல்லாம் செலவில் ஏறுவதில்லை. தோட்டத்தில் பேர் போட்டால் கிடைக்கும் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. பாத்தியில் குனிந்த ஒவ்வொரு நாளுக்கும் அந்தச் சம்பளத்தை எழுதிப் பாருங்கள். லாபம் என்று நினைத்த பல போகங்கள் கூலிக்கே சரியாய்ப் போயிருக்கும். கொப்பியில் நான் வீட்டாள் கூலிக்கென்று தனி நிரல் வைத்திருக்கிறேன். அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் லாபம் என்று எழுதுவேன்.

அடுத்தது, எவ்வளவு போடலாம். 1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜே. எல். கெல்லி என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அவர் தொலைபேசிக் கம்பிகளில் செய்தி அனுப்புவது பற்றி ஆராய்ந்தவர். எடுத்துக்கொண்ட உதாரணம் சூதாடி. நூற்றுக்கு 60 தடவை ஜெயிக்கும், 40 தடவை தோற்கும், வைத்ததற்குச் சமமாக வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பந்தயம் கிடைத்தால், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வைப்பதுதான் நீண்ட ஓட்டத்தில் பணத்தை வேகமாக வளர்க்கும். அதைவிடக் கூட வைத்தால் வளர்ச்சி குறையும். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்தால், நல்ல பந்தயத்திலேயே ஆள் மெல்லத் தேய்வான். அந்த அறுபது என்ற எண் உண்மையில் அறுபதா ஐம்பத்திரண்டா என்று தெரியாதபோது, சூத்திரம் சொல்வதில் பாதியை மட்டும் வைப்பது ஆட்டக்காரர்களின் பழக்கம்.

நமக்கு அந்த எண் தெரியவே தெரியாது. போக்கர்காரனும் நாங்களும் பிரியும் இடம் இது. இணையத்தில் ஆடுகிறவன் ஒரு மாதத்தில் பல்லாயிரம் கை ஆடித் தன் தரத்தைத் தெரிந்துகொள்கிறான். கெரட் மூன்று, மூன்றரை மாதம். லீக்ஸ் இன்னும் கூட. ஒரே நிலத்தில் வருடத்துக்கு இரண்டு போகம், நெருக்கிப் பிடித்தால் மூன்று. பத்து வருடம் மண்ணில் கிடந்தாலும் இருபது, முப்பது ஆட்டம்தான். நான் நல்ல விவசாயியா, அல்லது நல்ல விலை கிடைத்த சில வருடங்களில் விவசாயம் செய்தவனா என்பதை அந்த எண்ணிக்கையில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு நல்ல போகத்துக்குப் பிறகு "எனக்கு கை வந்திருச்சு" என்று சொல்கிறவரைக் கண்டால் எனக்குப் பயம்.

என் கணக்கு நாலு போகம். ஒரு போகத்துக்கு மொத்தமாக எவ்வளவு செலவாகுமோ, அதைப்போல நாலு மடங்கு கையில் இல்லாமல் அந்த அளவு நிலத்தில் கை வைப்பதில்லை. ஏன் நாலு? மூன்று போகத்தில் ஒன்று அடிவாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்துக்கு அது அதிகப்படியான பயமில்லை. தொடர்ந்து மூன்று போகம் அடிவாங்கும் வாய்ப்பு இருபத்தேழில் ஒன்று. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் இருபது போகம் செய்தால், அதற்குள் எங்காவது ஓரிடத்தில் மூன்று தோல்வி அடுக்காக வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40ஐ நெருங்குகிறது. அப்படி வந்த பிறகும் நாலாவது தடவை விதை வாங்கக் கையில் காசு இருக்க வேண்டும். போக்கர்காரன் இருபது மடங்கு கேட்கிறான். நாம் நாலோடு நிற்பதற்குக் காரணம், எங்கள் பயிர் முழுதாகப் போவது குறைவு. விலை விழுந்தாலும் பாதிச் செலவாவது திரும்பும். பிடுங்கும் கூலி, கழுவும் கூலி, சாக்கு, லொறி எல்லாம் சேர்த்த தொகைக்கும் கீழே விலை போனால் மட்டும் பாத்தியோடு கொத்திவிட வேண்டியதுதான். அப்படிக் கொத்திய லீக்ஸின் மணம் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கையிருப்பை ரூபாயில் எண்ணக்கூடாது, போகத்தில் எண்ண வேண்டும். இதற்குப் பாடம் எடுத்தது 2021, 2022. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை எடுத்தது. அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. அடுத்த வருடம் மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. விதை, உரம், மருந்து, டீசல் எல்லாம் அதோடு ஏறின. பாங்கில் நாலு லட்சம் வைத்திருந்தவர் "எனக்கு நாலு லட்சம் இருக்கு" என்று நிம்மதியாகத்தான் இருந்தார். நாலு போகத்துக்கு இருந்த அந்தச் சல்லி இரண்டு போகத்துக்கும் காணாமல் ஆகிவிட்டதைப் பாங்குப் புத்தகம் சொல்லவில்லை. ஒவ்வொரு போகம் தொடங்கும்போதும் உரக்கடையில் விலை விசாரித்து, கையிருப்பை அந்தப் புதுச் செலவால் வகுத்துப் பார்ப்பது என் பழக்கம். விடை நாலுக்குக் கீழே வந்தால் நிலத்தில் ஒரு பகுதியைச் சும்மா விடுவேன்.

சரி, எப்போது ஏறுவது?

இருபது பேர்ச்சுக்கு ஒரு போகச் செலவு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர்ச்சுக்கு இரண்டு லட்சம். அப்படியானால் நாற்பதுக்குப் போக எட்டு லட்சம் வேண்டும். ஐந்து லட்சம் சேர்ந்ததுமே கால் பரபரக்கும். பழைய அளவுக்குத் தேவையானதைவிட ஒரு லட்சம் மிஞ்சிக் கிடப்பதாகத் தோன்றும். புது அளவின் கண்ணால் பார்த்தால் அது இரண்டரை போகம்தான். நடுவில் முப்பது பேர்ச் என்று ஒன்று இருப்பதையும் மறந்துவிடுகிறோம். அதற்கு ஆறு லட்சம் போதும். எங்கள் ஆட்களுக்கு நிலம் என்றால் இரட்டிப்பாகத்தான் பெருக வேண்டும். ஏன் என்று எனக்குப் புரிந்ததேயில்லை.

நிலம் மாறாமலேயே பந்தயம் ஏறும் என்பது இன்னொரு விஷயம். அதே இருபது பேர்ச்சில் முள்ளங்கியோ சலாதோ போட்டால் செலவு குறைவு, சல்லி சீக்கிரம் திரும்பும். கோவா, பீட்ரூட் என்று போனால் கொஞ்சம் கூட. கெரட் அதற்கு மேலே. உச்சியில் உருளைக்கிழங்கு. ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு தொன் விதைக்கிழங்கு வேண்டும்; செலவில் பெரிய பங்கை அதுவே தின்றுவிடும். நல்ல கிரனோலா விதை கிடைப்பதே ஒரு பாடு. கிடைத்து நட்டால் மூடுபனி தொடர்ந்து நாலு நாள் நிற்கும்போது இலை கருகத் தொடங்கும். 1845இல் அயர்லாந்தைப் பட்டினி போட்ட அதே நோய்தான் இங்கேயும். தப்பித்தால் தை, மாசியில் உறைபனி. அதிலும் தப்பித்தால், இறக்குமதிக் கிழங்குக்குப் போட்ட வரி வர்த்தமானியில் ஒரே இரவில் மாறும். கெரட் போடுகிறவர் அதே காணியில் கிழங்குக்கு மாறும்போது "நிலம் அதேதானே" என்கிறார். நிலம் அதேதான். மேசை வேறு.

ஏறக்கூடாத நேரம் ஒன்று உண்டு. அப்போதுதான் எல்லோரும் ஏறுகிறார்கள். 2024 ஜனவரியில் கடைகளில் ஒரு கிலோ கெரட் ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது. இரவில் பாத்திக்குக் காவல் போட்ட காலம் அது. அந்த மாதம் இந்தப் பக்கம் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் கேட்டு அலைந்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது. இன்றைய விலையைப் பார்த்து விதைப்பது, மூன்றரை மாதம் கழித்து எல்லோரும் ஒன்றாகப் பிடுங்குவது, தம்புள்ளையிலும் பேலியகொடையிலும் லொறிகள் குவிவது, விலை விழுவது, பயந்துபோய் எல்லோரும் குறைத்துப் போடுவது, மறுபடி ஏறுவது. இந்தச் சுற்றுக்கு நிக்கலஸ் கால்டோர் என்ற பொருளியலாளர் 1934இல் சிலந்தி வலை என்று பெயர் வைத்தார். போக்கரில் நான் பெரிய மேசைக்குப் போனால் என் சீட்டின் பெறுமதி மாறாது. மரக்கறியில், நான் பெரிதாகப் போட நினைக்கும் அதே காரணத்துக்காக மலை முழுவதும் பெரிதாகப் போடுகிறது. ஆகையால், கையிருப்பு எட்டு லட்சம் ஆன பிறகும், விலை உச்சத்தில் இருந்தால் நான் காத்திருப்பேன். மார்க்கட்டில் யாரும் கெரட்டைப் பற்றிப் பேசாத மாதமே நிலம் எடுக்க உகந்தது. குத்தகையும் அப்போது மலிவு.

இந்த மலைக்கு இது புதுக் கதையில்லை. நாங்கள் இங்கே இருப்பதே இப்படியொரு ஆட்டத்தின் மிச்சம். 1869இல் கோப்பியில் துருநோய் காணப்பட்டது. விளைச்சல் குறையத் தொடங்கியது. ஆனால் 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை நன்றாக இருந்ததால் வலி தெரியவில்லை. துரைமார் கடன் வாங்கி டிம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா என்று காட்டை வெட்டி மேலே மேலே போனார்கள். 1878 அளவில் கோப்பி இரண்டே முக்கால் லட்சம் ஏக்கரை நெருங்கியது. நோய் வந்து ஏறக்குறைய பத்து வருடத்துக்குப் பிறகு பரப்பு உச்சத்தில்! பிறகு விலையும் விழுந்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி இழுத்து மூடப்பட்டது. தோட்டங்கள் கைமாறின. சம்பளப் பாக்கியோடு நின்றவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். கோப்பியை விட்டவர்கள் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். எல்லோரும் ஓடியதால் அதன் விலையும் சில வருடத்தில் சரிந்தது.

அந்தக் காலத்தில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை என்ன செய்தார்? 1867இல், கோப்பி நன்றாக இருந்தபோதே, 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அது போனாலும் தோட்டம் போய்விடாது. தன் பங்களா வராந்தாவில் கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகினார். 1873இல் லண்டனுக்குப் போனது 23 இறாத்தல். துருநோய் எல்லாவற்றையும் தின்ற நேரத்தில் தேயிலை செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் இந்த மலையில் இருந்தார். டெய்லரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய துணிச்சலைப் புகழ்வார்கள். எனக்கு அந்தப் பத்தொன்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஏறுவதற்காவது எல்லோரிடமும் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. இறங்குவதற்கு யாரிடமும் இல்லை. போக்கர்காரனுக்கு இறங்குவது சுலபம். நாளைக்குச் சின்ன மேசையில் உட்கார்ந்தால் முடிந்தது. எங்களுக்குக் குத்தகை வருடக் கணக்கு, முன்பணம் கொடுத்தாயிற்று, அதோடு லயத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது பேர்ச் போட்டவர் மறுபடி இருபதுக்கு வந்தால் "என்னாச்சு, நட்டமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அதைவிட மோசம், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அடுத்த போகத்தில் அறுபதாக்குகிறவர்கள். சீட்டு மேசையிலும் இதே நோய் உண்டாம், மருமகன் சொல்வான், "அந்த நேரம் அவங்க முகத்தைப் பாத்தாலே எங்களுக்குத் தெரிஞ்சுரும் மாமா."

என் சட்டம் இது: இப்போதைய அளவுக்குக் கையிருப்பு மூன்று போகத்துக்குக் கீழே விழுந்தால், அடுத்த விதைப்பு பழைய அளவுக்கு. எட்டு லட்சத்தோடு நாற்பது பேர்ச்சில் இறங்கியவர், அது ஆறு லட்சத்துக்குக் கீழே போனதும் இருபதுக்குத் திரும்புகிறார். அங்கே அவருக்கு ஏறக்குறைய ஆறு போகத்துச் சல்லி இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கலாம். இதற்கு ஒரே நிபந்தனை, பழைய இருபதை விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாது. பெரிய காணி கிடைத்ததும் லயத்துக்குப் பக்கத்துத் துண்டைத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. குத்தகை முடியாமல் மாட்டிக்கொண்டால் பயிரால் இறங்கலாம்: கெரட் இருந்த இடத்தில் முள்ளங்கி, கிழங்கு இருந்த இடத்தில் கோவா. வருமானம் குறையும், ஆனால் செலவும் குறையும்.

எந்தக் கணக்கும் தாங்காத அடியும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண் சரிந்து வீதிகள் மூடின. பாத்தி தப்பியவர்களுக்கும் லொறி வரவில்லை. மூன்று இடத்தில் மூன்று பயிர் போட்டவரும் ஒரே நாளில் மூன்றையும் இழந்தார். பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும் என்பது ஆபத்துகள் தனித்தனியாக வரும்வரைதான். அந்த நேரம் உதவியது மண்ணுக்கு வெளியே கிடந்த சல்லி மட்டும்.

அந்தச் சல்லியை எங்கே வைப்பது? சீட்டுக் கட்டுவதை நான் வெறுப்பதில்லை. கையை அடக்கும். ஆனால் தேவைப்படும் மாதத்தில் நம் முறை வராது. கடைசிச் சீட்டு எடுக்கிறவருக்கு அது சேமிப்பு, முதல் சீட்டு எடுக்கிறவருக்கு அது கடன். நகையாக வைத்திருப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். அடகுக்குப் போன நகை கையிருப்பில் சேராது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. என் வீட்டில் பாங்கில் கூட்டுக் கணக்கு, இரண்டு கையெழுத்து. விலை ஏறிய வாரங்களில் மனைவியின் கையெழுத்துக் கிடைப்பது கஷ்டம். அதற்காகத்தான் அப்படி வைத்தோம்.

கடன் சல்லியைக் கையிருப்பில் எண்ணவே கூடாது. வாரத் தவணைக் கடன் அடுத்த வாரமே திருப்பிக் கேட்கும். கெரட்டுக்கு வாரம் தெரியாது. விதையும் உரமும் முன்கூட்டித் தந்து, விளைச்சலைத் தனக்கே போட வேண்டும் என்று சொல்லும் முதலாளியிடம் ஆடுவது இன்னொரு வகை. போக்கரிலும் இது உண்டு. பிறர் பணத்தில் ஆடி, தோற்றால் அடுத்த வெற்றியில் முதலில் அந்தக் கடனைக் கழித்துவிட்டு, மிஞ்சினால் பங்கு. அங்கர் கடைசியாக ஜெயித்ததே அப்படி இன்னொருவர் கட்டிய பணத்தில்தான். முதலாளி கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு இருபது விவசாயி, இருபது பந்தயம். அவரிடம்தான் பேங்க்ரோல் இருக்கிறது. எங்களிடம் இருப்பது மண்வெட்டி. சொந்த முதல் இல்லாதவர் முதலாளியிடம் போவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்தச் சல்லியில் நிலத்தைப் பெருக்குவது ஏற்றம் ஆகாது. தோற்றால் நட்டமெல்லாம் விவசாயி தலையில், ஜெயித்தால் விலை வைப்பது முதலாளி.

ஒரு வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேரை விடாமல் இருப்பதை நான் ஆதரிப்பது இதனால்தான். நாட்சம்பளம் கொஞ்சம்தான், அது பற்றிய சண்டை முடியவும் இல்லை. ஆனால் அரிசி, கரண்ட் பில், பிள்ளைகளின் பஸ் காசு அதில் ஓடினால் கையிருப்பில் கை வைக்க வேண்டியதில்லை. "முழுநேரமா மரக்கறியில இறங்கிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் இளந்தாரிகள் இப்போது அதிகம். அவர்களுக்கு நாலு போதாது. வீட்டுச் செலவும் அதே சல்லியில் ஓடுவதால் ஆறு போகமாவது வேண்டும்.

அடுத்த குத்தகைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காணிக்காரரிடம் வருட ஒப்பந்தம் எழுதும்போது, முதல் போகம் முடிந்ததும் பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக அவர் கொஞ்சம் கூடக் கேட்பார். பேரம் பேசுங்கள், முடியாவிட்டால் கொடுத்துவிடுங்கள். எந்தத் தொகைக்குக் கீழே கையிருப்பு போனால் அந்த வரியைப் பயன்படுத்துவீர்கள் என்பதை விதை வாங்குவதற்கு முன்னரே கொப்பியில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.